பலகை ஓட்டையில போகாத கெர்கின்

விவசாயிகிட்ட விளைச்சலை வாங்கி கம்பனிக்குக் கொடுக்குற பீல்ட் ஒபீசர் வேலைன்னா, காலையில விவசாயிகிட்ட திட்டு, பின்னேரம் கம்பனிகிட்ட திட்டு, நடுவுல மோட்டார் சைக்கிள்ல போற நேரம் மட்டும்தான் நிம்மதி. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு சம்பளம் வாங்குறவங்க யாராவது இதைப் படிச்சா, என் பாடு உடனே விளங்கும்.

தொண்ணூறுகளோட கடைசி. பதுளை மாவட்டத்துல ஹல்துமுல்லைக்குக் கீழே, வெயில் சுள்ளுன்னு படுற சரிவுகள்ல, ஒரு கம்பனிக்காகக் கெர்கின் போட ஆள் சேர்த்தேன். கெர்கின்னா விரல் தடிப்புலயே பறிச்சு, வினாகிரியில ஊறப்போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புற ஒரு வகை வெள்ளரிப் பிஞ்சு. விதையும் உரமும் கம்பனி கொடுக்கும். விளைஞ்சதைக் கம்பனி மட்டும்தான் வாங்கும். சந்தைக்குக் கொண்டு போனா மாடு கூட மோந்து பார்த்துட்டுப் போயிரும்.

கைக்குப் பேர் வெட்டல

என்கிட்ட முதல்ல சேர்ந்தது பாக்கியம் அக்கா. சின்ன வயசுலேர்ந்து தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. தோட்டத்து வேலையிலேருந்து நின்னு, பதிவுல இருந்த பேரை வெட்டிட்டு, ரோட்டோரமா ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பக்கத்து லயத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரையும் இழுத்துட்டு வந்தாங்க. "இது சரிவரலைன்னா திரும்பத் தோட்டத்துத் தொரைகிட்ட போயி, பேர் பதிஞ்சுக்கங்கன்னு நிக்கணும் தம்பி. அது மட்டும் என்னால ஆகாது"ன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. அந்தப் பழி என் தலையிலதான் விழும். ஆள் சேர்த்தவன் நான்தானே.

முதல் பறிப்பன்னைக்கு எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்தாங்க, தலையில கயித்தை மாட்டி முதுகுல கொழுந்துக் கூடையோட. நான் அதைக் கவனிக்கல. விறுவிறுன்னு பறிக்கிறாங்க, பார்க்காமலே தோளுக்கு மேல வீசுறாங்க. கொழுந்து பஞ்சு மாதிரி விழும், காய் அப்படியா விழும்? கூடையைக் கொட்டிப் பார்த்தா, அடியில கிடந்ததெல்லாம் அடிபட்டு நசுங்கிப் போச்சு. "வீசாதீங்க, இடுப்புல கட்டிக்கங்க"ன்னு நான் பாத்திக்குப் பாத்தி ஓடுனேன். கூடையை இடுப்புக்கு மாத்தின பிறகும் பாக்கியம் அக்காவோட கை மட்டும் தோளுக்கு மேலயே போகுது. அவங்க அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாங்க.

"கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது தம்பி. அதுக்கு இன்னும் பேர் வெட்டல போல."

எத்தனாம் பக்கம்?

காயைத் தரம் பிரிக்க ஒரு மரப்பலகை உண்டு, அதுல ஓட்டைகள் இருக்கும். ஓட்டைக்குள்ள போற காய் நல்ல காய். தடிச்சுப் போய் உள்ள நுழையாதது கழிவு, அதுக்கு ஒரு சதமும் கிடையாது. பலகை இருந்தது பெக்டரியில. சாக்கு இங்கேருந்து போகும், எவ்வளவு கழிவுங்குற செய்தி மட்டும் மறுநாள் திரும்பி வரும். பெக்டரியில கேட்டா, கழிவைக் குழி வெட்டிப் புதைச்சாச்சும்பாங்க. நானும் அதை நம்பி இவங்ககிட்ட ஒப்பிச்சேன்.

ஆனா இவங்க யாரு? கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, கூடைக்குன்னு கழிக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் பழுத்தவங்க. ரெண்டு வாரத்துல மோப்பம் பிடிச்சுட்டாங்க. லொறி வந்து நிக்கிற வாகை மரத்தடியில என்னை உட்கார வச்சு, "நாங்க கையெழுத்துப் போட்ட தாளை வாசிச்சுக் காட்டு"ன்னாங்க. முழுக்க இங்கிலீசு. நான் தமிழாக்கிச் சொல்லிக்கிட்டே வந்தேன். "தரம் பற்றிக் கம்பனியின் தீர்மானமே இறுதியானது"ன்னதும் நிறுத்தச் சொன்னாங்க. பாக்கியம் அக்காதான் வாயைத் திறந்தாங்க, அதுவும் ரொம்ப மரியாதையா.

"எங்க தீர்மானம் எத்தனாம் பக்கத்துல இருக்கு தம்பி?"

லொறி வராத பின்னேரம்

அடுத்து மழை பிடிச்சுது. லொறி வர்ற ரோட்டுல பெரகலைப் பக்கம் மண் சரிஞ்சு, பின்னேரம் வர வேண்டிய லொறி மறுநாள் விடிஞ்சுதான் வந்துச்சு. பறிச்ச காய் சாக்குக்குள்ள வதங்கிருச்சு. மழையில பறிக்காம விட்டது ராவோட ராவா ஊதிப் போச்சு. பெக்டரியில பாதிக்கு மேல கழிவுன்னு ஒதுக்கிட்டாங்க. கம்பனி மனேஜருக்குப் போன் போட்டேன். காய் பெக்டரி வாசலுக்கு வர்ற வரைக்கும் நட்டம் விவசாயியோடதுதான்னு ஒப்பந்தத்துல இருக்காம்.

எனக்கு வந்த ஆத்திரத்துல போனை உடைக்கலாம்னு இருந்துச்சு, கடைக்காரரோட போன்ங்கிறதால வச்சுட்டேன். விசயத்தைச் சொல்லப் போனா, பாக்கியம் அக்கா ஊதிப்போன காயையெல்லாம் அறுத்து எறிஞ்சுக்கிட்டு இருக்காங்க. அதை விட்டா கொடி அடுத்த பிஞ்சு விடாது. நான் சொன்னதைக் கேட்டுட்டு நிமிரவே இல்ல.

"மண்ணு சரிஞ்சது பெரகலையில. அதுக்கு என் கொடி என்ன பண்ணுச்சு?"

போத்தல்

அடுத்த போகத்துக்குக் கையெழுத்து வாங்க மனேஜரே கொழும்பிலேருந்து ஜீப்ல வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரர், கறாரானவர், ஆனா காது கொடுத்துக் கேக்குறவர். பலகையையும் கொண்டு வரச் சொல்லுன்னு பாக்கியம் அக்கா என்கிட்ட முன்னமே சொல்லியிருந்தாங்க. ஏன்னு சொல்லல. மரத்தடி மேசையில மனேஜர் தாளை விரிச்சதும், அக்கா சீலைத் தலைப்புக்குள்ளேருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து அந்தத் தாள் மேலயே வச்சாங்க. உள்ள வட்ட வட்டமா வெட்டின கெர்கின், வெளிய நம்ம கம்பனிப் பேரு.

"இது எங்கை வாங்கினனீங்கள்?"னாரு மனேஜர்.

"பதுளைக் கடையில சேர்"னு சொல்லிக்கிட்டே மூடியைத் திருகி, ஒரு வட்டத்தை எடுத்து, பலகையோட பெரிய ஓட்டையில வச்சாங்க. போகல. இன்னொண்ணு. அதுவும் போகல. புதைச்ச கழிவெல்லாம் போத்தல்ல எந்திரிச்சு உட்கார்ந்திருக்கு. பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல ஜீப் டிரைவரும் சேர்ந்துட்டாரு. எனக்கு விசிலடிக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. தலையில கம்பனித் தொப்பி இருந்ததால அடக்கிக்கிட்டேன்.

மனேஜர் அந்த வட்டத்தை வாங்கி மென்னாரு. "உப்புக் கொஞ்சம் கூட"ன்னாரு. அப்புறம் பேனையை எடுத்தாரு. பலகை இனி மரத்தடியில, விவசாயி கண்ணு முன்னால. தடிச்ச காயை ஒண்ணு திருப்பிக் கொடுக்கணும், இல்லாட்டி இரண்டாந்தர விலை கொடுக்கணும். ஒப்பந்தம் தமிழ்லயும் சிங்களத்துலயும். ஒவ்வொண்ணா எழுதி முடிச்சு, "இப்ப சரிதானே, கையெழுத்தைப் போடுங்கோ"ன்னு பேனையை நீட்டினாரு. பாக்கியம் அக்கா கையை நீட்டல.

"அவசரப்படாதீங்க சேர். லொறி பிந்துனா யாரு பொறுப்புன்னு தம்பி இன்னும் வாசிக்கல."

அதையும் எழுதினாரு. பாக்கியம் அக்கா தொரைகிட்டப் பேர் பதியப் போகவே இல்ல.

ஜீப்ல ஏறும்போது மனேஜர் "நீர் உண்மையிலை ஆற்றை ஆள்?"னு என்னைக் கேட்டாரு, அடுத்த வாரம் மரத்தடியில பலகையைப் பிடிச்சு ஒரு தடிச்ச காயை நான் ஒதுக்குனப்ப பாக்கியம் அக்காவும் "நீ யாரோட ஆளு தம்பி?"ன்னு அதையேதான் கேட்டாங்க, ஒப்பந்தம் நியாயமானதுன்னு எனக்கு உறுதியானது அப்பதான்.