மன்னாரிலிருந்து மதுரைக்கு விமானம்

மன்னார் பஸ் நிலையத்தில் கழுதையொன்று வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நிற்கிறது. எனக்குப் பக்கத்தில் நிற்கும் மேரி அக்கா, இராமேஸ்வரத்திலேயே தங்கிவிட்ட தன் தங்கையின் கல்யாணத்துக்குப் போகிறார். நான் வழியைக் கணக்கிடுகிறேன்: கொழும்புக்குப் பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம், அங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம், பிறகு ரயில். தலைமன்னாரிலிருந்து கடலால் போனால் முப்பது கிலோமீற்றர்தான்.

"கப்பல் ஓடினால் உங்களுக்குச் சுகம், என்ன அக்கா?"

"சண்டைக்குள்ள அந்தக் கடலாலதான் வள்ளத்தில ஒளிச்சுப் போனனாங்கள், பிள்ளை. இந்தமுறை பாஸ்போட்டைக் காட்டி, சீல் குத்துவிச்சுத்தான் போவன். எவ்வளவு சுத்தினாலும் பரவாயில்லை."

பஸ் நிரம்பி வருகிறது. இதை விட்டால் அவருடைய விமானம் தவறிவிடும்.

"சீற் இல்லை அக்கா. கொழும்பு வரைக்கும் நிக்க ஏலாது. அடுத்ததில வாங்கோ," என்கிறார் நடத்துநர்.

அக்கா பையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, அதன் பின்னாலேயே ஏறுகிறார்.

"வள்ளத்தில ஆர் எனக்குக் கதிரை போட்டவன்? நான் நிண்டு வாறன். நீங்கள் டிக்கெற்றைக் கிழியுங்கோ."