பேனரில் ரமாபாய்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ரமாபாய் அக்கா அந்த இடியைப் பதினோரு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பையன்கள் கத்தியைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்டவள். எங்கள் தொண்டு நிறுவனத்தில் அவள் தெருத்தெருவாக நடக்கிறாள், நான் அறிக்கை எழுதுகிறேன். அறிக்கையில் "எத்தனை வன்முறைச் சம்பவங்கள் தடுக்கப்பட்டன?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நடக்காததை எப்படி எண்ணுவது? அந்தக் கட்டத்தைப் போட்டவனை ஒரு நாள் அக்காவோடு நடக்க விட வேண்டும்.

போன வருஷம், எங்கள் பகுதியை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு இந்தப் பக்கத்துப் பாரியை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கொலை வழக்கில் அந்தப் பக்கத்துத் தண்டபாணி புழல் சிறையில் இருக்கிறான். புதன்கிழமை பாரியின் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றைக்கே பழி தீர்ப்பதாகப் பாரியின் கூட்டாளிகள் சிலர் சபதம் போட்டிருந்தார்கள். தண்டபாணி உள்ளே, வெளியே அகப்படக்கூடியவன் அவன் தம்பி பரசுராமன். பத்தொன்பது வயது, ஒரு வம்புக்கும் போகாதவன்.

புதனுக்கு முன் அவனை ஊருக்கு வெளியே வள்ளூருக்குக் கடத்திவிட வேண்டும் என்று ரமாபாய் துடித்தாள். அங்கே மஜீது பாய் ஓட்டலில் வேலைக்கும் சொல்லிவைத்தாள். அவன் அம்மா பூவம்மா லேசில் யாரையும் நம்ப மாட்டாள். வாராவாரம் மனு போட்டு மூத்தவனைப் பார்க்க அவள் புழலுக்குப் போகும்போதெல்லாம் கூடவே போய், கூடவே வரிசையில் நின்றுதான் ரமாபாய் அந்த வீட்டு வாசலுக்குள் நுழைந்திருந்தாள்.

"நீ இட்டுகினு போறதுன்னா அனுப்புறேன்" என்றாள் பூவம்மா. ஞாயிறு காலை என்று முடிவானது.

சனிக்கிழமை எங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது. நடுவில் கூலிங் கிளாஸோடு பாரி. கீழே வழக்கம்போல் தீப்பெட்டி அளவில் நண்பர்களின் முகங்கள் வரிசையாக. அந்த வரிசையின் நடுவே, கைகூப்பியபடி, ரமாபாய்! கால்வாய்க்கு அந்தப் பக்கம் அதை யாரும் அஞ்சலியாகப் பார்க்க மாட்டார்கள். யார் யார் எதிரி என்ற பட்டியலாகத்தான் பார்ப்பார்கள்.

பேனர் வைத்தவன் பீம்ராவ், பாரியின் தோஸ்து. ரமாபாய் போட்ட கூச்சலில் அவன் முகம் தொங்கிப்போனது.

"இன்னாக்கா இப்டி கத்துற? எங்களுக்கோசரம் எவ்ளோ அலையிற. உன்னிய உட்டுட்டுப் போட்டா நல்லாவா கீது? மருவாதிக்கோசரம்தான் போட்டோம்."

"உங்க மருவாதில கொள்ளி வைக்க! கயட்டுடா அத்த!"

செத்தவன் படத்தை இறக்குவதா என்று பாரியின் அம்மா அழுதாள். ரமாபாய் ஏணி போட்டு ஏறி, பிளேடால் தன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தாள்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். பூவம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். கையில் செல்போன், அதில் அந்தப் பேனர்.

"பசங்க என்னியக் கேக்காம போட்டானுங்க பூவம்மா. நானே கிழிச்சுட்டேன்."

"அவனுக்குக் கும்புட்டுகினு நிக்கிற. நாளிக்கு எம் புள்ளைக்கு பேனர் வெச்சா, அதுக்கும் இதே போட்டோதானா?"

கதவு சாத்தப்பட்டது. ரமாபாய் மஜீது பாயின் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

"என்னிய நம்ப வேணாம். நீயே இட்டுகினு போ. பொதனுக்கு முன்ன போய்டு."

திரும்பி வந்து பார்த்தால், பேனர் ஓட்டையில் அவள் படத்தை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக. இந்தப் பையன்களை என்ன செய்வது?

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பரசுராமன் வள்ளூரில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான்; செவ்வாயன்றே பூவம்மா கொண்டுபோய் விட்டிருந்தாள். அறிக்கைக் கட்டத்தில் "ஒன்று" என்று எழுதினேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து என்றால் யார் போவது என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

மறுநாள் மனு போடும் நாள். ரமாபாய் பிடிவாதமாகக் கிளம்பினாள், நானும் போனேன். புழல் பஸ்ஸில் பூவம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி. ரமாபாய் கிட்டே போனதும், பூவம்மா மடியிலிருந்த பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தாள்.