மடியில் மூன்று கட்டை

ஐஸ் ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்குகிறவளை எல்லாரும் லைனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்தே ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டாள். குடியிருப்பது லைன் வீடு. தண்ணீர் பிடிக்க நிற்பது லைன். போன் கிடைக்காவிட்டாலும் லைன் இல்லை, கரண்ட் போனாலும் லைன் இல்லை. ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அவள் மகளுக்கு லைன் போட்டு, கேட்காமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு போனான். அதிலிருந்து இரண்டு வருஷமாக மாமியாருக்கும் மருமகனுக்கும் பேச்சு கிடையாது. எதிரே வந்தால் இவள் சுவரைப் பார்ப்பாள், அவன் கூரையைப் பார்ப்பான்.

ஆனால் கம்பத்தில் ஏறுகிற அன்று மட்டும் அவன் வேறு யாரையும் நம்பமாட்டான். போர்டிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி, வாய் திறக்காமல் அவள் கையில் வைத்துவிட்டுப் போவான். கட்டை இல்லாமல் கம்பியில் கரண்ட் ஓடாது. இறங்கி வந்து அவனே கை நீட்டினால்தான் கொடுப்பாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஏறியவன் பன்னிரண்டாகியும் வரவில்லை. கம்பம் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. போர்டு ரூமிலிருந்து தெரியாது. ஐஸ் கரைந்து வாசல்வரை தண்ணீர். புது சூப்பர்வைசர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

“கட்டையக் குடும்மா. போன்ல பேசிட்டேன். வேல முடிஞ்சிருச்சாம்.”

“அப்ப அவர வந்து கேக்கச் சொல்லுங்க சார்.”

“பேசறப்பவே லைன் கட்டாயிடுச்சு. லாரி வந்து நிக்குது. உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் குடுக்கல.”

“நாளையிலருந்து உனக்கு வேல கிடையாது!”

“நாளைக்குத்தான? இன்னைக்கு இருக்குல்ல? தள்ளி நில்லுங்க.”

அவன் முறைத்துவிட்டு ஸ்டோர் பக்கம் திரும்பினான். அங்கே வேறு கட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்க் கம்பத்தைப் பார்க்கலாம். ஆனால் போர்டை யார் பார்ப்பது? ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மடியில் கட்டைகள் கனத்தன. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

இடி விழுந்தது போலக் கதவு அதிர்ந்தது.

“திற! பைத்தியமா உனக்கு?”

தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று கழன்று தரையில் உருண்டது. அவள் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

“என் மக புருஷன் மேல இருக்கான்டா, பாவி!”

மறுபடி இடித்தான். இன்னொரு திருகாணியும் ஆடியது. பிறகு சட்டென்று சத்தம் நின்றது.

“அத்தே, நான்தான். திறங்க.”

“இறங்கியாச்சா?”

“இல்ல, கம்பத்தையும் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கேன். திறங்கத்தே!”

திறந்தாள். அவன் இரண்டு கையும் கரி. அவளைப் பார்க்காமல் சூப்பர்வைசரைப் பார்த்தான்.

“ஒரு கம்பி பாக்கி, பத்து நிமிஷம் ஆகும்னுதான சார் போன்ல சொன்னேன்? அந்தக் கட்டை எதுக்கு உங்க கையில?”

சூப்பர்வைசர் கட்டையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்தான். பாதிதான் போனது.