இல்லாத தழும்பு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் சயாம் என்று வாயைத் திறந்தாலே ஆபத்து. பேச்சு கங்காணியின் காதுக்குப் போகும். அங்கிருந்து சாலையோர முகாமுக்குப் போய்விடும். மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. துரை ஓடிப்போன பிறகு பால் வெட்டும் வேலை நின்றுவிட்டது. ஆண்களை ரயில் பாதை போடுவதற்குச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி வந்து சேர்ந்தார். மூவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் அவர். சயாமிலிருந்து தப்பி, காட்டிலும் மலாய்க்காரர்களின் கம்பத்துக் குடிசைகளிலும் ஒளிந்து ஒளிந்து, எலும்பும் தோலுமாக அக்காவிடம் வந்துவிட்டார். முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கொட்டகையில் அக்கா அவரை ஒளித்து வைத்தாள். அங்கேதான் நாங்கள் பெண்கள் கூடி மரவள்ளிக்கிழங்கு சீவி மாவு எடுப்போம். அதனால் நாங்கள் போய் வருவதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. மாட்டிக்கொண்டால் அவர் தலை போகும். எங்கள் கதி என்ன ஆகும் என்பதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

முதல் நாளே ஒருத்தி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டு ஆள அங்க பாத்தீங்களா?"

"ஆளு எப்படி இருப்பாரு?"

அவள் சொன்னாள். நெட்டை, முன்பல் ஒன்று உடைந்திருக்கும், பேச்சு கொஞ்சம் திக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, "பாத்தேனே" என்றார். அந்த ஆள் மூங்கில் வெட்டியதையும், திக்கித் திக்கியே ஒரு ஜப்பான்காரனைச் சிரிக்க வைத்ததையும் சொன்னார். அவள் கிழங்கைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். எங்களுக்கோ வயிற்றெரிச்சல். மறுநாளிலிருந்து ஆளாளுக்கு முறை வைத்துக்கொண்டு கேட்டோம்.

எங்கள் வழக்கப்படி கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டகையில் அதற்கு நாங்கள் ஒரு சட்டமே வைத்தோம். யாருடைய புருஷன் கதையோ, அவள்தான் உம் கொட்டுவாள். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. உம் வராவிட்டால் அவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவள் உம் சொல்லாவிட்டால் அந்த ஆள் அங்கேயே விழுந்துவிடுவான் என்று எனக்குள் ஒரு பைத்தியக்காரப் பயம்.

ஒருநாள் மத்தியானம் லாரிச் சத்தம் கேட்டது. வாசலில் ஜாகா பார்த்துக் காவல் நின்ற பெண் இருமினாள். அதுதான் அடையாளம். அவரைக் கோணிச் சாக்குகளுக்குள் தள்ளி மேலே கிழங்கைக் கொட்டினோம். லாரி வாசலில் நின்றது, யாரோ கத்தினார்கள், பிறகு போய்விட்டது. சாக்கை விலக்கினால், மனிதர் உதறிக்கொண்டிருந்தார். பல் கிட்டிப்போயிருந்தது. அக்கா கையைத் தேய்த்தும் உதறல் அடங்கவில்லை.

"எங்க விட்டேன்? மூங்கில் பாலத்துலயா?" என்று கேட்டு, அவராகவே தொடர்ந்தார். சொல்லச் சொல்ல உதறல் நின்றது. எங்களுக்கு மட்டும்தான் அந்தக் கதைகள் தேவை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

என் முறை வந்தபோது என் வீட்டுக்காரரின் பேர், ஜாடை, பழக்கமெல்லாம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னார். என் வீட்டுக்காரர் மண் வெட்டும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முனகுவாராம், சோற்றில் உப்புக் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வாரம் அந்த மயக்கத்திலேயே திரிந்தேன். அப்புறம் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. முனகலும் நான் சொன்னதுதான், உப்பும் நான் சொன்னதுதான். நான் சொல்லாத ஒன்றுகூட அவர் கதையில் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அன்று வந்தது பயம். சோதித்துப் பார்க்கவும் பயம், சும்மா இருக்கவும் பயம். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பொய் சொன்னேன்.

"அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கும்ணே. பாராங் கத்தி வெட்டுனது. மழை வந்தா வலிக்கும்பாரு."

அப்படி ஒரு தழும்பே கிடையாது. மறுநாள் கதையில் மழை பெய்தது. என் வீட்டுக்காரர் பாலத்தடியில் ஒதுங்கி, முழங்காலுக்குக் கீழே தழும்பைத் தேய்த்துக்கொண்டார். கதை சொன்னவர் நிறுத்தினார். எனக்கு உம் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்கா முழங்கையால் இடித்த பிறகுதான் ஏதோ ஒரு சத்தம் வெளியே வந்தது.

சீவிய கிழங்கைக் கழுவ மற்றவர்கள் ஓடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. உள்ளே ஒரு பக்கம் கோபம் கொதித்தது. இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது. இவர் என் புருஷனைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் அவர் எங்கேயோ நன்றாக இருக்கலாம்.

"பொய்தானே சொல்றீங்க? எங்க வீட்டுக்காரருக்குத் தழும்பே இல்ல. நீங்க அவர பாத்ததே இல்ல!"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"மத்தவங்க வீட்டு ஆளுங்கள நான் பாத்ததில்லதான் தங்கச்சி. அவங்க சொன்னத வச்சுத்தான் சொன்னேன்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு?"

"தழும்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். நேத்து நீங்க சொன்னப்பவே சோதிக்கிறீங்கன்னும் தெரிஞ்சுச்சு. இல்லைன்னு சொன்னா, நெசமாவே பாத்தவன்னு தெரிஞ்சிடும். நெசமா பாத்தவன்கிட்ட கடைசியையும் கேப்பீங்க."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எம்பக்கத்துலதான் படுத்திருந்தாரு. காய்ச்சல். ரெண்டு காலையும் நான்தான் அமுக்கி விட்டுக்கிட்டு இருந்தேன். விடியறப்ப சில்லுனு ஆயிடுச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. கை தானாகத் தாலிக்குப் போனது. அவர் எழுந்து என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றார். கண்ணில் அப்படி ஒரு பீதி. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. லயத்து வீடுகளில் ஒருத்தி பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றினால், சாவுச் செய்தி எந்த வழியாக வந்தது என்று கங்காணி கேட்பான். பதில் இந்தக் கொட்டகையில் இருக்கிறது. இவர் போவார், அக்கா போவாள், பிறகு நாங்களும். என் புருஷனுக்காக ஒரு பாட்டம் அழக்கூட எனக்கு வழி இல்லை.

ஓடையிலிருந்து பேச்சுச் சத்தம் நெருங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், நெற்றியில் படாமல். அவர் பழையபடி உதற ஆரம்பித்திருந்தார். அன்று அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது என்று தெரிந்தது.

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"அலமாக், என்னடி மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு? தம்பி என்ன சொன்னான்?"

"எங்க வீட்டுக்காரருக்கு நடுவுல காய்ச்சலாம்க்கா."

"ஐயோ. அப்புறம்?"

எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கையில் எடுத்தேன்.

"விட்டுருச்சாம். விடியறப்ப வேர்த்துக் கொட்டி விட்டுருச்சாம். கஞ்சி கேட்டாராம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றேன், எழுந்து உட்கார்ந்தார் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. என் வாயை என்னாலேயே மூட முடியவில்லை. அன்று என் வாய்க்குப் பயந்ததுபோல் கங்காணிக்குக்கூட நான் பயந்ததில்லை.