விரதக் கிழமையில் பட்ட மீன்

அந்த இலையுதிர் காலத்தில் மதிவதனனுக்கு ஒன்றுமே சரிவரவில்லை.

ஃப்ரிபூர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. பல்லில்லாத கிழவர்களுக்குக் கிழங்கை மசித்து, சூப்பை வடித்து, ஆவி பறக்கும் பாத்திரங்களுக்கு நடுவே நின்று நின்றே ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த இளவயதில் கிடைத்த வேலை அது. பிறகு மாறவேயில்லை. இடுப்பு நாரி மட்டும் தேய்ந்து போனது.

மீன்பிடி அவருக்குத் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓய்வு பெற்றுப் போன ஒரு சமையற்காரர் தன் பழைய தூண்டிலை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசன்ஸ் அணைக்கட்டு மறித்து வைத்திருக்கும் நீண்ட ஏரிக்கரையில் அதை எறிந்து பார்த்தார். அன்று ஒன்றும் படவில்லை. ஆனால், பாத்திரச் சத்தமில்லாமல் ஒரு பகற்பொழுது இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு முறைப்படி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டையும் எடுத்தார்.

மனைவி பவதாரணியின் சித்தப்பா இதைக் கேள்விப்பட்டு லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். "எங்கட ஆக்கள் மீன் வாங்கிற ஆக்கள் தம்பி, பிடிக்கிற ஆக்களில்லை" என்றார். அன்றிலிருந்து மதிவதனன் அவருடைய அழைப்பை எடுப்பதில்லை.

அவர் குறிவைப்பது பெர்ஷ் என்கிற மீனை. பச்சை முதுகு, குறுக்கே கறுப்பு வரிகள், சிவந்த செட்டைகள். முள் எடுத்துப் பொரித்தால் வேறு மீன் வேண்டாம் என்றிருக்கும். இலைகள் மஞ்சளாகும் காலத்தில்தான் அவை கூட்டமாகச் சேர்ந்து, குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு கரையோரச் சரிவுகளுக்கு வரும். அந்தச் சில கிழமைகளுக்காகத்தான் அவர் வருடம் முழுவதும் காத்திருப்பார்.

இந்த வருடம் அந்தக் கிழமைகள் அவருக்கென்றே கெட்டுப்போய் வந்தன. லீவு கிடைத்த முதற் சனிக்கிழமை, தன் கைவிரல் தனக்கே தெரியாத பனிப்புகார். அடுத்த சனி, கூட வேலை செய்பவன் காய்ச்சலென்று படுத்துவிட, அவனுடைய வேலையும் இவர் தலையில். அதற்கடுத்த முறை போனபோது ஏரியின் நீர் இறங்கிக் கிடந்தது. அணை கட்டிய காலத்தில் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் தூண்டில் விழும் இடமெல்லாம் நின்றன. இரையாகக் கட்டி எறிந்த ரப்பர் மீன்களெல்லாம் அவற்றில் மாட்டி அறுந்தன. பக்கத்தில் நின்ற பியேர் என்ற உள்ளூர்க்காரன் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். போகும்போது "போன் ஷான்ஸ்" என்று வாழ்த்து வேறு சொன்னான். மதிவதனனுக்கு அவனைத் தண்ணீருக்குள் தள்ளவேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஒரு முழுக் கிழமை விடுமுறை கிடைத்தது. அட்டவணையோடு ஓடிவந்து வீட்டுக் கலண்டரைப் பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கந்தசஷ்டி.

"வேற கிழமை கேக்கக் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" என்றாள் பவதாரணி.

"நான் எங்கை கேட்டனான்? ஷெஃப் தந்தது."

"ஆறு நாளும் வீட்டுக்குள்ளை மீன் மச்சம் வரக்கூடாது. சட்டியிலையும் இல்லை, பிறிஜ்ஜிலையும் இல்லை. இந்த முறை விரதம் ஆருக்கெண்டு தெரியுமோ? உங்கட நாரிக்குத்தான் பிடிக்கிறன்."

இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தார். அலுமாரிக் கதவைத் திருத்தினார், பல்கனியைக் கழுவினார். வெளியே, அந்த இலையுதிர் காலம் முழுவதும் எட்டிப் பார்க்காத வெயில் எறித்தது. மூன்றாம் நாள் காலை சப்பாத்தைப் போட்டார்.

"சும்மா தண்ணியைப் பாத்திட்டு வாறன்."

"தண்ணி பாக்கத் தூண்டில் என்னத்துக்கு?"

"காரிலை கிடக்குது. அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்."

அவள் பால் மட்டும் குடித்து விரதமிருப்பவள். வாதாட அவளுக்கும் தெம்பில்லை.

ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. கொஞ்ச நேரம் உண்மையாகவே தண்ணீரைத்தான் பார்த்தார். பிறகு, இந்த வருடம் எனக்கென்ன படவா போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூண்டிலை எடுத்தார். அந்தத் துணிச்சலில் எறிந்த ரப்பர் மீன் சரிவில் இறங்கி இரண்டு துள்ளுத் துள்ளியதும், கம்பு வில்லாக வளைந்தது.

மரக்கட்டை என்றுதான் முதலில் நினைத்தார். கட்டை தலையை ஆட்டியது.

இழுத்து, விட்டு, மீண்டும் இழுத்து, வலையில் கோலிக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படியொரு பெர்ஷை அவர் கடைகளிலும் கண்டதில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். முதுகுச் செட்டையை விரித்துக்கொண்டு அவரையே முறைத்தது. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால், திரும்ப விடுவதற்கென்று மீன் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. தடியால் தலையில் ஒரே அடி. மீன் அடங்கியது. அதோடு அவருடைய சந்தோசமும் அடங்கியது. இதை இப்போது எங்கே கொண்டுபோவது?

ஊருக்குள் கடை வைத்திருக்கும் வினோதனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"டேய், ஒரு பெரிய மீன் பட்டிருக்கு. வைச்சிருப்பியோ?"

"என்ன அண்ணை, சஷ்டியெல்லோ! மனிசி என்னையும் சேத்து வெளியிலை போட்டிடுவாள். படமெண்டாலும் எடுத்து அனுப்புங்கோ, பாப்பம்."

"படம் எடுத்தால் உன்ரை மனிசி பாப்பா. பிறகு என்ரை மனிசிக்கு வரும்."

நினைத்துப் பார்த்த வீடெல்லாம் விரத வீடாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து பியேர் தன் வாளியோடு வந்தான். மதிவதனன் மீனைத் தூக்கி நீட்டினார். பியேர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெரிசுதான்" என்றான் பிரெஞ்சில். "ஆனால், ருசி சின்னதுகளில்தான். பரவாயில்லை, அரைத்து உருண்டை பிடிக்கலாம்."

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவர் காதில் அரைபட்டுக்கொண்டே வந்தது.

வீட்டில் பவதாரணி கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினாள். "பட்டதோ?"

"ஓம்."

"பெரிசோ?"

அவர் கையால் காட்டினார். அவள் அந்த நீளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை?"

"குடுத்திட்டன். அங்கை நிண்ட ஒரு வெள்ளையனுக்கு."

"அவ்வளவு பெரிய மீனையோ?" அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "மேல் மாடியிலை மதாம் சில்வா இருக்கிறா. போர்த்துக்கீசு மனிசி, அவவுக்கென்ன சஷ்டியும் விரதமும்? அவவின்ரை பிறிஜ்ஜிலை வைச்சிருந்தால் பாறணை முடிய அடுத்த நாள் குழம்பு வைச்சிருப்பனே! ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டியளோ?"

மதிவதனன் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாரி வலி அவரைப் பிளந்தது.

"போய் முழுகிட்டு வாங்கோ. நாறுது."

சூரன்போர் முடிந்து, பாறணையும் முடிந்த அடுத்த நாள் அவளே, "வாங்கோ, நானும் வாறன், இன்னொண்டு பிடியுங்கோ" என்று புறப்பட்டாள். இரவே குளிர் இறங்கியிருந்தது. ஏரியை மறுபடியும் புகார் மூடியிருந்தது. மீன்களெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கவேண்டும். அவர் எறிந்தார், சுற்றினார், மறுபடி எறிந்தார். பவதாரணி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று, கைகளைத் தேய்த்து, "இதையோ நாள் முழுக்கச் செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டுக் காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்குக் கிட்ட அவருடைய கடைசி ரப்பர் மீனும் ஏதோ ஒரு அடிக்கட்டையில் மாட்டியது. இடம் மாறி நின்று இழுத்துப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். அசையவில்லை. புகாருக்குள்ளிருந்து கார் ஹோர்ன் நீளமாக ஒருமுறை கேட்டது.

"வாறன், வாறன்!" என்று கத்திவிட்டு, நூலைக் கையில் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார்.