பின்னறை யன்னல்

விடத்தல்தீவில் இருந்த எங்கள் வீட்டை விருந்தினர் விடுதியாக்கலாம் என்பது என் கணவரின் யோசனை. மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அது கூரையில்லாமல், சுவர் மட்டும் நின்ற வீடு. நாங்கள் இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயுதக்காரர் அதில் இருந்திருக்கிறார்கள். யார் போக யார் வந்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. நாங்கள் துருவிக் கேட்கவில்லை. ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, முன்னால் இரண்டு அறையும் பின்னால் ஒன்றுமாகக் கட்டில்கள் போட்டோம். வள்ளத்தில் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்ட அவர் இருந்தார். சமைக்க நான் இருந்தேன். ஆட்கள்தான் வரவில்லை.

பின்னறை மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. பட்டப்பகலிலும் அங்கே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அவரும் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துக் கிணற்றடியைச் சுற்றித்தான் போவார். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

உயிலங்குளத்தில் ஒரு பெண், மன்னார்ப் பக்கத்துச் சாப்பாட்டையும் கடற்கரைகளையும் வீடியோ எடுத்து யூடியூப்பில் போடுகிறாள் என்று கேள்விப்பட்டு அவளை அழைத்தோம். ஸ்கூட்டரில் தனியாக வந்து இறங்கினாள்.

“அக்கா, விளம்பரம் மாதிரி ஒண்டும் சொல்லாதேங்கோ. என்னோட சும்மா கதையுங்கோ,” என்றாள்.

நான் நண்டை உடைத்தபடி கதைத்தேன். கறியின் உறைப்பில் அவளுக்குக் கண் கலங்கியது. சிரித்துக்கொண்டே இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அறைகளைக் காட்டப் போனபோது பின்னறை வாசலோடு நான் நின்றுவிட்டேன். அவள் உள்ளே போய்ச் சுவர் நெடுகக் கைப்பேசியை மெல்லத் திருப்பி, யன்னலில் நிறுத்தினாள்.

“இதால பாத்தாக் கடல் தெரியுதே அக்கா, ஏன் சொல்லேல்ல?”

எனக்கு அது தெரியாது. அந்த யன்னலால் நான் வெளியே பார்த்ததேயில்லை.

வீடியோ வந்த பிறகு வவுனியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் வயதான ஒரு பெண்ணின் குரல் தொலைபேசியில் கேட்டது. நறுவிலிக்குளத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

“பிள்ளை, வீடியோவில பாத்தனான், உங்கட பின்னறை யன்னலில நடுக் கம்பி வளைஞ்சு கிடக்கு. அது நீங்கள் வரேக்கயே அப்பிடியோ?”

“ஓம் அம்மா. ஏன் கேக்கிறியள்?”

“நான் வந்து பாக்கிறன்,” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரமே பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பின்னறைக்குப் போய், வளைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மகனை இஞ்ச வச்சிருக்கினம் எண்டு ஆரோ சொல்லி வந்தனான். வேலிக்கு அங்கால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டன். இதுக்குள்ளால கையை நீட்டிப் ‘போ, போ’ எண்டு காட்டினவன். முகத்தைக் காணேல்ல. கையைத்தான் கண்டனான்.”

“அதுக்குப் பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லைப் பிள்ளை.”

சுவரைத் தடவிப் பார்த்து, “சுண்ணாம்புக்குக் கீழ ஏதும் எழுதியிருந்ததோ?” என்று கேட்டார். சுவர் முழுக்கக் கரிதான் படிந்திருந்தது என்று என் கணவர் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் அங்கே படுக்கலாமா என்று கேட்டார் அந்த அம்மா. படுத்தவர் அயர்ந்து தூங்கிவிட்டார். நான் குசினியில் அடுப்பருகே நின்றேன். இத்தனை நாளும் எனக்குக் கேட்காத மூச்சுச் சத்தம் இப்போது தெளிவாக வந்துகொண்டிருந்தது. பயத்துக்குப் பதில் அழுகைதான் வந்தது.

வீடியோ எடுத்த பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “வீடியோவில அந்த யன்னல் வாற துண்டை வெட்டி விடட்டோ, அக்கா?” என்றாள். எழும்பி வந்த அந்த அம்மாவிடமே கேட்டேன்.

“வெட்ட வேண்டாம். அவனோட வேற பிள்ளையளும் இருந்திருப்பாங்கள். அவங்கட தாய்மாரும் பாக்கட்டும்.”

பார்த்தார்கள். பிறகு ஒரு தகப்பன் வந்தார், கைக்குழந்தையோடு ஒரு தங்கை வந்தாள். பேய் வீடு என்று கேள்விப்பட்டுப் பட்டணத்திலிருந்து இன்னொரு வீடியோக்காரரும் வந்தார். அவரை என் கணவர் வாசல் படலையோடேயே திருப்பி அனுப்பினார்.

முன்னறைகள் இரண்டையும் இப்போதும் வாடகைக்கு விடுகிறோம். பின்னறையை விடுவதில்லை. அதைக் கூட்டப் போகும்போது, உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன்.