அந்தோணியம்மாவின் பெருங்காயக் கட்டி

நல்லெண்ணெயில் விழுந்த பெருங்காயம் பொரிந்து உப்பும்போது எழும் வாசனை, கடல் தாண்டி வந்து ரெங்கத்துக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் பலகைச் சுவர் இடுக்குகளின் வழியாக அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போய்விடும்; யார் வீட்டில் ரசம் கொதிக்கிறது என்று வாசலில் விளையாடிக்கொண்டிருந்த எங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் நாங்கள் அதைப் பொடியாகப் பார்த்ததில்லை. மங்கிய தேன் நிறத்தில் கையில் ஒட்டும் "கட்டி"யாகத்தான் கடையிலிருந்து வரும். அது இல்லாத ரசத்தை அப்பா "புளித்தண்ணி" என்று சொல்லித் தள்ளி வைப்பார். வயிறு உப்பிசம் என்றால் உப்புப் போட்ட மோரில் துளி கரைத்துக் குடிப்பதும், சொத்தைப் பல்லுக்குப் பஞ்சில் பொதிந்து வைப்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டோடும் கருப்பட்டியோடும் வதக்கிக் கொடுப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு.

ஆனால் அதைச் சமையலைவிட மருந்துக்கே அதிகம் செலவழித்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாதான். எல்லாரும் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போயிருக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் "ஆயாக் கொட்டகை" அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கும் அவர் கணவர் சவரிமுத்துவுக்கும் பிள்ளை இல்லை.

என் தம்பி கோபால் கைக்குழந்தையாக இருந்தபோது பலாப்பழக் காலம் வந்தது. அம்மாவுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். ஒருநாள் வேலை முடிந்து தம்பியை வாங்கப் போன அம்மாவிடம், அந்தோணியம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"பார்வதி, பிள்ளைக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு. பால் குடுக்கிறவ இப்படிப் பலாப்பழம் திங்கலாமா?"

அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "பெத்தவ எனக்குத் தெரியாதா? பெக்காதவங்க வந்துதான் சொல்லித் தரணுமா?" என்றார்.

கொட்டகையில் நின்ற பெண்கள் அந்தோணியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தோணியம்மா தம்பியின் துணியைச் சரிசெய்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த வேறொரு குழந்தையைத் தூக்கத் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அம்மா தம்பியைக் கொட்டகையில் விடவில்லை. பால்மரங்களுக்கு நடுவே தூளி கட்டி, என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மரம் வெட்டினார். கொசுவை விரட்டியே என் கை ஓய்ந்துபோகும். அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், வீடு திரும்பியதும் தம்பி வீறிட்டு அழத் தொடங்கினான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் கன்றிச் சிவந்து, பால் குடிக்க மறுத்து அழுதான். எங்கள் வீட்டுப் பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது.

"பக்கத்துல போய்க் கேளேன்," என்றார் அப்பா.

"எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?" என்று அம்மாவும் அழ ஆரம்பித்தார்.

அவர் வாய் மூடுவதற்குள் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அந்த வாசனை வந்தது. அடுத்த நிமிடம் அந்தோணியம்மா கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். "உள்ள வரலாமா?" என்று கேட்டார். அதுவரை எங்கள் வீட்டுக்குள் வர அவர் அனுமதி கேட்டதே இல்லை.

தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, வெந்நீரில் உரைத்த பெருங்காயத்தைத் தொப்புளைச் சுற்றி மெல்ல மெல்லத் தடவினார். விளக்கில் வாட்டிய வெற்றிலையைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவன் வயிற்றின் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா வெடித்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், அந்தோணியம்மாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தம்பி மறுபடியும் கொட்டகைக்குப் போனான். அம்மா வைக்கும் ரசம் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் பலகாரம் வந்தது. இருவரும் ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் அம்மா பேசவேயில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்தப் பிறகு வரவில்லை. ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் "பெரட்டு"க் களத்தில் பேர் வாசித்தபோது சவரிமுத்துவின் பேரும் வந்தது. ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று சொன்னார்கள். லாரி வந்து நின்ற அன்று, அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு," என்று அந்தோணியம்மா அவசரமாகத் துணி முடிச்சு ஒன்றை அம்மாவின் கையில் திணித்தார். "பல்லு முளைக்கிறப்ப இவனுக்கு வயிறு கெடும். வச்சுக்க."

தம்பியின் உள்ளங்காலில் முத்தமிட்டுவிட்டு லாரியில் ஏறினார். முடிச்சில் இருந்தது அவரிடம் மிச்சமிருந்த பெருங்காயக் கட்டி முழுவதும்.

பல வருஷங்கள் கழித்து, தம்பி பெரியவனாகி முதல்முறை தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டபோது, படுக்கையில் இருந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தோணியம்மாவைப் பார்த்துட்டு வாய்யா," என்றார். எந்த ஊர் என்று அவன் கேட்டான். அம்மாவுக்குத் திருச்சிப் பக்கம் என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க. ஊர் பேரைக்கூடக் கேட்டு வச்சுக்கலையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது நான் பட்டணத்துப் பக்கம் தம்போயில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே பெருங்காயம் டப்பாவில் பொடியாக வருகிறது. வாசனை அடுப்படியைத் தாண்டுவதில்லை. லயத்தை இடித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். அந்தோணியம்மாவின் ஊரைத் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று, பழைய தோட்டத்து ஆட்களைக் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சில வருஷங்களாகக் கேட்பதற்கும் ஆள் இல்லை.